ரேகையும் உரிமையும் – 11: கேமரன் மலையில் ஒரு கட்டைவிரல்

சென்ற வாரம் டிரான்ஸ்வாலின் ஜொகானஸ்பர்க் நகரில், ஹமீதியா பள்ளிவாசல் திடலில் நிறுத்தியிருந்தோம். 1908 ஆகஸ்டு 16. இரும்புக் குண்டானில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் மண்ணெண்ணெயில் எரிந்துகொண்டிருந்தன. 'எங்கள் விரல் ரேகையை வாங்கி எங்களைக் குற்றவாளிபோல் நடத்துவதா?' என்று கேட்டவர்களின் முன்வரிசையில் தம்பி நாயுடு நின்றார்.

இந்த வாரம் கதை கிழக்கே, மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு ஏறுகிறது. இங்கேயும் தமிழர்கள்தான்; இங்கேயும் ரேகைதான். ஆனால் இவர்கள் அட்டையை எரிக்கவில்லை. துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்தார்கள். அட்டையைக் கிழித்தவர்கள் வேறு ஆட்கள். ஒரே இனத்து மக்கள், நாற்பது ஆண்டு இடைவெளியில் ஏன் இப்படி நேரெதிராக நடந்துகொண்டார்கள்? அதைப் புரிந்துகொண்டால்தான் இன்று மைகாட் அடையாள அட்டை, தரவுக் கசிவு, தனிநபர் தரவுச் சட்டம் என்று மலேசியாவில் நடக்கும் வாக்குவாதமும் புரியும்.

முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். 1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். குறிப்பு அப்படியே கிடந்தது. 1925ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் குளிர்வாசத்தலம் அமைக்கும் வேலை தொடங்கியது. தாப்பாவிலிருந்து பாதை வெட்டினார்கள். 1929ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குக் கூட்டாளியாக வந்த ஏ.பி. மில்ன் இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். 1933ல் பாரத் தோட்டமும் வந்துவிட்டது.

செடிதான் புதிது. ஆளைக் கணக்கு வைக்கும் முறை இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஏற்கெனவே பொதுவானது. துரை, கிராணி, கங்காணி, அவர்களுக்குக் கீழே லயத்து வரிசை வீடுகளில் தொழிலாளர். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டுவார்கள். கிராணி செக்ரோல் என்ற வருகை ஏட்டைத் திறந்து பெயர் போடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கொழுந்து, எவ்வளவு பிடித்தம் எல்லாம் அந்த ஏட்டில் ஏறும். யாருக்கு என்ன நோய் என்பது தோட்டத்து மருத்துவமனை ஏட்டில். யார் எவ்வளவு அரிசி வாங்கினார் என்பது கடைக் கணக்கில். ஒரு குடும்பத்தின் உடம்பு, வயிறு, கடன் மூன்றும் துரையின் மேசைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கப்பல் ஏறுமுன் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஊர், பெயர் என்று ஒரு பதிவு முடிந்திருக்கும். எந்த ஏட்டையும் தொழிலாளி திறந்து பார்த்ததில்லை. பெரும்பாலோருக்குப் படிக்கவும் தெரியாது.

இலங்கையில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. 'துண்டு' என்று ஒரு காகிதம். ஒரு தோட்டத்துக் கங்காணியும் அவர் ஆட்களும் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிக்கொடுப்பது. தன் தலைமேல் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று ஆளுக்கே தெரியாது. காகிதம் மட்டும் தோட்டம் தோட்டமாகக் கைமாறும். 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்று வங்கிகள் பார்த்துக்கொள்ளும் கடன் தகுதிப் பதிவுக்கு முப்பாட்டன் யார் என்று கேட்டால் நான் இந்தத் துண்டைத்தான் காட்டுவேன்.

ஏட்டில் பெயர் இருப்பது இவ்வளவு தொல்லை என்றால், பெயரே இல்லாமல் போவது நல்லதா? அதற்கும் மலாயாத் தமிழனுக்குப் பாடம் கிடைத்தது. 1942க்குப் பிறகு ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பங்கு தோட்டத்துத் தமிழர். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழருக்கு அப்படிப் பெயர்வாரியான பட்டியலே இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றுவரை மதிப்பீடுதான். போனவன் திரும்பவில்லை என்பது தவிர வீட்டாருக்கு வேறு தகவல் இல்லை.

இந்த அனுபவத்தோடுதான் 1948க்கு வருகிறோம்.

அந்த ஆண்டு ஜூன் 16ந் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலப் பிரகடனம். சில வாரங்களில் நாடு முழுக்க ஆள் பதிவு தொடங்கியது. 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படம் எடுத்து, கட்டைவிரல் ரேகை வைத்து, அடையாள அட்டை வாங்க வேண்டும்; வெளியே போனால் கையில் வைத்திருக்க வேண்டும். 1949 முற்பகுதிக்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். அதிகாரி தோட்டத்துக்கே வருவார். பெரட்டுக்களத்தில் மேசை போடுவார்கள். மை தடவிய பலகை, படப்பெட்டி, படிவம். அந்த ஆட்களில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அரசின் நோக்கம் ஒளிவுமறைவில்லாதது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுக்கு அட்டை கிடையாது. ஆகவே அட்டை இல்லாதவன் காட்டுக்காரன். கம்யூனிஸ்டுகளுக்கும் இது உடனே புரிந்துவிட்டது. தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் புகுந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பதிவு வேலைக்குப் போனவர்களையும் படம் பிடித்தவர்களையும் தாக்கினார்கள். சாதாரணத் தொழிலாளி நடுவில் மாட்டிக்கொண்டான். அட்டை இருந்தால் இரவில் வருபவன் கிழிப்பான். இல்லாவிட்டால் பகலில் வருபவன் பிடித்துக்கொண்டு போவான்.

காட்டில் இருப்பவர்களிடமிருந்து மக்களைப் பிரிக்க 1950ல் பிரிக்ஸ் திட்டம். சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தார்கள். இன்று கேமரன் மலைக்குப் போகிறவர்கள் காய்கறி வாங்கும் ரிங்லெட், பிரிஞ்சாங், திரிங்காப், கம்போங் ராஜா எல்லாம் புதுக்கிராமப் பட்டியலில் உள்ள ஊர்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். வெளியே போகும்போது வாசலில் சோதனை. ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குப் போகக் கூடாது. இந்தச் சோதனை எந்த எல்லைக்குப் போனது என்பதற்குச் சிலாங்கூர் மாநிலத்துச் செமினி ஒன்று போதும். அங்கே வேலைக்குப் போகும் பெண்களின் ஆடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். கூச்சல் எழுந்து, 1956ல் விசாரணை வைத்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. நம் காலத்து வழக்கறிஞர்கள் தனியுரிமை என்று பேசும்போது தரவுத்தளத்திலிருந்து தொடங்குகிறார்கள். மலாயாவில் அது முள்வேலி வாசலில் நின்ற பெண்ணின் ஆடையிலிருந்து தொடங்குகிறது.

இதே நேரத்தில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. அங்கேயும் உலகப் போரின்போது அடையாள அட்டை கொண்டுவந்திருந்தார்கள். போர் முடிந்தும் அட்டை போகவில்லை. 1950 டிசம்பரில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரைப் போலீஸ்காரர் நிறுத்தி அட்டையைக் கேட்டார். அவர் காட்ட மறுத்துவிட்டார். 1951ல் வழக்கில் அவர் தோற்றார். ஆனால் தலைமை நீதிபதி கோடார்ட், போருக்காகப் போட்ட சட்டத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது சட்டத்தை மதிப்பவனையும் சட்டத்துக்கு எதிரியாக்கிவிடும் என்ற கருத்தில் கடுமையாகச் சொன்னார். 1952 பிப்ரவரியில் அங்கே அட்டையையே ஒழித்துவிட்டார்கள். அதே ஆண்டு, அதே அரசு, மலாயாவில் அட்டை இல்லாதவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. லண்டன்காரனுக்கு அவமானம் என்று பட்டது கேமரன் மலையின் ஹாபுவில் கொழுந்து பறிப்பவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது.

1957ல் சுதந்திரம். 1960 ஜூலை 31ல் அவசரகாலம் முடிந்தது. அட்டை முடியவில்லை, 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. ஒரு சண்டைக்காகப் பிறந்த ஏற்பாடு சண்டை முடிந்த பிறகும் இருந்துவிடுவது உலகமெங்கும் நடப்பதுதான். ஆனால் மலேசியத் தமிழர் யாரும் அதை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. காரணம், அட்டையின் நிறம் அப்போது அட்டையைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது.

குடிமகனுக்கு நீலம். நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் தோட்டத்துத் தமிழரின் இரண்டு தலைமுறை கிடந்து தவித்தது. குடியுரிமைக்கு மனுப்போட வேண்டும் என்று பலருக்குச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் படிவம் நிரப்பக் கிராணியைத்தான் கேட்க வேண்டும். 1962 திருத்தத்துக்குப் பிறகு மலாயாவில் பிறந்தால் மட்டும் போதவில்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருப்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் பதிவாகியிருக்காது. பிள்ளை லயத்தில் பிறந்திருக்கும். பிறப்பைப் பதிய டவுனுக்கு இறங்க ஒரு நாள் சம்பளம் போகும். ஏதோ ஒரு நாள் போய்ப் பதியும்போது பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகப் பிறகு இருபது வருஷம் அலைச்சல்.

1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள். தங்கியவர்களில் எத்தனையோ பேர் சிவப்பு அட்டையோடே கிழவர்களானார்கள். 2011ல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. 2018ல் புதிய அரசு, அறுபது வயது தாண்டிய 3,407 இந்தியருக்குக் குடியுரிமை தரப்போவதாக அறிவித்தது. சுதந்திரம் வந்து அறுபத்தோரு ஆண்டு கழித்து.

தகரப் பெட்டியில் அட்டையை ஏன் காத்தார்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில். டிரான்ஸ்வால் தமிழன், அரசு தன்னைப் பற்றி அளவுக்கு மீறித் தெரிந்துகொள்கிறது என்று கோபப்பட்டான். மலாயாத் தமிழன், தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தான் காட்ட முடியவில்லையே என்று பதறினான். நோய் ஒன்றுதான்: ஏடு எப்போதும் எதிராளியின் கையில். குடியுரிமை மனு நிராகரிக்கப்படும்போது வரும் கடிதத்தில் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை என்பதை மலேசிய வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கோப்பில் என்ன குறை என்பதை உங்களிடமே மறைப்பதும் தனியுரிமை மீறல்தான் என்பது என் கட்சி.

1990ல் கணினி வந்தது. அட்டை எண் 12 இலக்கமானது. முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம்; பகாங் என்றால் 06. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆளைப் பார்க்காமலே எண்ணை வைத்து வயது, ஊர், பால் மூன்றையும் சொல்லிவிடலாம். இதை வடிவமைத்தவர்கள் குமாஸ்தாவின் வசதியை நினைத்தார்கள். எண்ணுக்கு உரியவரை நினைக்கவில்லை. 2001 செப்டம்பரில் மைகாட் வந்தது. படமும் கட்டைவிரல் ரேகையும் சிப்பில் ஏறின. உலகின் முதல் அறிவுத்திறன் அடையாள அட்டை என்று மலேசியா பெருமைப்பட்டுக்கொண்டது. பெருமையில் நியாயமும் உண்டு. 1948ல் பெரட்டுக்களத்து மேசையில் வைத்த கட்டைவிரல் அரை நூற்றாண்டில் சிப்புக்குள் போய்விட்டது.

பிறகு ஒழுகத் தொடங்கியது. 2017 அக்டோபரில், 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரம் வெளியே போனது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3.2 கோடிதான்! பெயர், முகவரி, அடையாள எண், கைப்பேசியின் அடையாளம்கூட அதில் இருந்தன. 2022 மே மாதம், 1940 முதல் 2004 வரை பிறந்த 2.25 கோடிப் பேரின் விவரம் 10,000 அமெரிக்க டாலருக்கு விற்பனைக்கு வந்ததாகச் செய்தி. தேசியப் பதிவிலாகாவிலிருந்து போகவில்லை என்று உள்துறை அமைச்சர் மறுத்தார். 2024 ஜனவரி 2ந் தேதி 'பாடு' என்ற மத்தியத் தரவுத்தளத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடங்கிவைத்தார். உதவித்தொகை யாருக்குப் போக வேண்டும் என்று கணக்கிட. தொடங்கிய சூட்டிலேயே, ஒருவரின் அடையாள எண் தெரிந்தால் அவர் கணக்குக்குள் வேறொருவர் புகுந்துவிடலாம் என்ற ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் எடுத்துக்காட்டினார். அதை அடைத்தார்கள். 2025 செப்டம்பர் 30 முதல் மானிய விலைப் பெட்ரோல் போடவும் மைகாட்தான் சாவி.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசிய அரசியலமைப்பில் தனியுரிமை என்று தனி விதி கிடையாது. 2009ல் சிவராசா ராசையா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதி கோபால் ஸ்ரீராம், ஐந்தாவது விதி தரும் தனிமனித சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்றார். வழக்கு என்னவோ வழக்கறிஞர் மன்றத் தேர்தலைப் பற்றியது. போகிற போக்கில் விழுந்த வரி. அதற்கு அவர் துணைக்கு எடுத்தது 1975ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் கோவிந்த் வழக்கில் தந்த தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் போலீஸ் கண்காணிப்புப் பட்டியலில் இருந்த ஒருவர், இரவில் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று போட்ட வழக்கு அது. அந்த இந்தியக் கோடு 2017 ஆகஸ்டு 24ல் புட்டசாமி தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த முடிவாக முழுமை பெற்றது. மலேசியாவில் இன்னும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறோம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் நிறைவேறி 2013 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வணிக நடவடிக்கைக்கு மட்டும். கூட்டரசும் மாநில அரசுகளும் விலக்கு. அதாவது உங்கள் கைப்பேசி நிறுவனம் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ரேகை வைத்திருக்கும் அரசு சொல்ல வேண்டியதில்லை. 2024ல் பெரிய திருத்தம் செய்தார்கள். ரேகை போன்ற உயிரளவைத் தரவு நுண்ணுணர்வுத் தரவு ஆனது. தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். தண்டம் மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமானது. அரசுக்கான விலக்கு மட்டும் அசையவில்லை. 2025ல் வந்த தரவுப் பகிர்வுச் சட்டமும் இலாகாக்கள் தங்களுக்குள் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதைப் பற்றியதே. மலேசியத் தமிழரின் வரலாற்றை அறிந்த எவருக்கும் இந்த விலக்குத்தான் முதலில் உறுத்த வேண்டும். அவர்களை ஆட்டிவைத்த ஏடு எதுவும் கைப்பேசி நிறுவனத்தின் ஏடு அல்ல.

மலையில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் தமிழர் குறைவு. வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் வந்துவிட்டார்கள். கையால் பறிப்பதும் குறைந்து, சரிவு குறைந்த இடங்களில் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வந்ததும் மருத்துவச் சோதனை. முடிவு குடிநுழைவு இலாகாவுக்குப் போகும். எச்ஐவி, கர்ப்பம் எல்லாம் அந்தச் சோதனையில் உண்டு. அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனாலும் முதலாளி வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. செக்ரோல் காலத்துத் தமிழன் நின்ற இடத்தில் இன்று ராஜ்ஷாஹிக்காரனோ லொம்போக்காரனோ நிற்கிறான். மலேசியத் தமிழ் இதழ்கள் இதை எழுதுவது குறைவு. எழுத வேண்டும்.

சுங்கை பாலாஸ் தேநீர்க் கடையின் மாடத்தில் வார இறுதியில் நின்று பாருங்கள். பச்சைச் சரிவில் முதுகில் கூடையோடு ஓர் உருவம் தெரிந்தால் போதும், இருபது கைப்பேசிகள் ஒரே நேரத்தில் உயரும். யாரும் அவரிடம் கேட்பதில்லை. சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. சொந்த உபயோகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் எடுப்பதைத் தரவுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கிவைத்திருக்கிறது. இதற்கும் பழைய கதை உண்டு. 1890ல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் தனியுரிமைக்கான புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதற்கு ஒரு காரணம், அப்போது புதிதாக வந்திருந்த திடீர்ப் படப்பெட்டி. பாஸ்டன் பெரிய மனிதர்களின் வீட்டு விருந்து பத்திரிகையில் வருகிறதே என்ற கவலை. அடுத்த சில பத்தாண்டுகளில் கொழும்புக் கடைகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் அஞ்சலட்டையாக விற்றது. அட்டையின் கீழே தோட்டத் தொழிலாளி என்று இருக்கும். அவள் பெயர் இருக்காது.

அடுத்த வாரம் சென்னை. 1994ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கையும், 'என்னை என் பாட்டில் விடு' என்ற உரிமை இந்தியச் சட்டத்தில் எப்படி ஏறியது என்பதையும் பார்ப்போம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். கேமரன் மலைத் தோட்டங்களில் இருந்த குடும்பத்தார் யாரிடமாவது பழைய செக்ரோல் தாள், சம்பளச் சீட்டு, அவசரகால அடையாள அட்டை, சிவப்பு அட்டை இருந்தால் நகல் அனுப்புங்கள். இத்தொடர் நூலாகும்போது உதவும். அட்டை எண்ணை மையால் மறைத்துவிட்டு, குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'இத்தொடருக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அசலை யார் கேட்டாலும், நாங்கள் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.